முத்திரையில்லாப் பழம் பரணிகள்

பரணி என்பது ஊறுகாய், உப்பு, புளி ஆகியவற்றைச் சேமிக்க உதவிய, மெருகிட்டுச் சுட்ட களிமண் ஜாடி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், பிற ஊர்களின் காயலான் கடைகளிலும் கிடைக்கும் பரணிகள் பலவற்றில் செய்தவர் பெயர் இல்லை. பல பட்டறைகள் முத்திரையே இடவில்லை. சிலவற்றில் மெருகு தடித்து வழிந்து எழுத்தை மூடிவிட்டது. ஆகவே பெயரைத் தேடுவதைவிடப் பரணியைக் கவிழ்த்துப் பார்ப்பதே முதல் வேலை.

மெருகு படாத அடிவளையத்தில் களிமண்ணின் உண்மை நிறம் தெரியும். அங்கே ஒரு சொட்டு நீர் விட்டதும் உறிஞ்சிக்கொண்டால் அது குறைந்த சூட்டில் வெந்த மண்பாண்டம். நீர் அப்படியே நின்றால், ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்து இறுகிய ஸ்டோன்வேராக இருக்கலாம். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் பீங்கான் என்றே சொல்வார்கள். உண்மையான பீங்கானின் மெல்லிய விளிம்பில் விளக்கொளி ஊடுருவும். பரணிகளில் பெரும்பாலானவற்றில் ஊடுருவாது.

அடியிலுள்ள தேய்மானம் வயதைப் பற்றியும் பேசும். பல ஆண்டுகள் தரையில் இழுபட்ட பரணியில் கீறல்கள் பல திசைகளில் ஓடும். துளைகளுக்குள் அழுக்கு இறங்கியிருக்கும். ஒரே திசையில் உப்புத்தாள் கோடுகளும் எங்கும் ஒரே அளவான பழுப்பும் இருந்தால் அந்தப் பழமை செயற்கையானது என்று ஐயுறலாம்.

அடுத்து உள்ளே கைவிட வேண்டும். சக்கரத்தில் வனைந்ததில் விரல் வரிகள் சுருளாக ஏறும். பெரிய பரணிகளைப் பகுதி பகுதியாக வனைந்து ஒட்டுவதால் இடுப்பில் ஒரு வரம்பு தட்டுப்படும். அச்சில் வார்த்ததில் செங்குத்தான இணைப்புக் கோடு இருக்கும்.

மெருகு தனிக் கதை. எரியும் சூளைக்குள் உப்பை வீசினால் சோடியம் ஆவி களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிப் பரப்பை உண்டாக்கும். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான இரு நிறப் பூச்சு, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1830களில் உருவான மெருகின் வழிவந்தது. அந்த நிறச் சேர்க்கை மட்டுமே பழமைக்குச் சான்றாகாது. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் இன்றும் இத்தகைய ஜாடிகள் செய்கிறார்கள். கருமை கலந்த பழுப்பு மெருகும் தோளில் சிறு காதுகளும் கொண்ட பெரும் ஜாடிகள் பர்மாவின் மார்த்தபான் துறைமுகத்தின் பெயரால் அறியப்படுகின்றன. 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதாவே இவற்றைக் குறிப்பிடுகிறார். சீனாவிலும் சயாமிலும் செய்தவையும் இதே பெயரில் விற்றதால், பெயரைக் கொண்டு ஊரை முடிவுசெய்யக் கூடாது. பர்மாவில் வணிகம் செய்த செட்டிநாட்டுக் குடும்பத்திலிருந்து வந்தது என்பது நல்ல தடயம்தான். ஆனால் வீட்டாரின் கடிதமோ பழைய புகைப்படமோ துணை நின்றால்தான் அதற்கு விலை சேர்க்கலாம்.

மதிப்பைத் தீர்மானிப்பவை அளவு, வடிவம், மெருகின் அழகு, பழுதின்மை, சொந்த மூடி. மூடி மாறியிருந்தால் விலை இறங்கும். விரல் முட்டியால் தட்டும்போது மணிபோல் ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் மயிரிழை விரிசல் இருக்கலாம். புற ஊதா விளக்கில் ஒட்டுவேலை பெரும்பாலும் தனித்து ஒளிரும். கடையில் கேட்கும் விலையை அளவுகோலாக்குவது பெரும் தவறு. அதே அளவும் நிலையும் உள்ள பரணி உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதே கணக்கு.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இன்னொரு எச்சரிக்கை: குறைந்த சூட்டில் வெந்த பழைய மெருகில் ஈயம் இருக்கக்கூடும், புளிப்பும் எலுமிச்சையும் அதைக் கரைத்து எடுக்கும். ஆய்வகத்தில் சோதிக்காத பரணியில் ஊறுகாய் போட வேண்டாம்.