"வித்தா காசு வந்துடும்": பம்பாய்த் தீவின் பழைய கார் கதை

மும்பையில் முப்பது, நாற்பது வருஷம் இருந்த நம்ம ஊர்ப் பெரியவர் யாரைக் கேட்டாலும் கார் விஷயத்தில் ஒரே வாக்கியம்தான் சொல்வார். "நல்ல செகண்ட் ஹேண்டா பார்த்து வாங்கிப் போடுப்பா. வேண்டாம்னா வித்துடலாம். போட்ட காசு வந்துடும்."

வங்கியில் உட்கார்ந்து கடன் மனு பார்க்கிற எனக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் இந்த ஊரில் அது அப்பட்டமான உண்மை. எப்போது உண்மையாக இருந்தது, எப்போது இல்லாமல் போனது என்பதுதான் இந்தப் பதிவு.

எனக்கு இது வெறும் சரித்திரமும் இல்லை. தென்காசியில் இருக்கும் அப்பா அம்மா இனி எங்களோடு செம்பூரில் இருக்கப் போகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆட்டோவில் ஏறி இறங்க முடியவில்லை. காலை நீட்டி உட்கார இடம் உள்ள பெரிய செடான் ஒன்று பழசாக வாங்கலாம் என்று யோசனை. சேதி கேட்டதும் அப்பா, "என் டெப்பாசிட்டை உடைச்சு அஞ்சு லட்சம் தர்றேன். காரா இருந்தா என்ன, காசுதானே, வித்தா வந்துடப்போகுது" என்கிறார். மாட்டுங்கா சித்தப்பாவும் போனில் அதையே சொல்லி அவரை ஏற்றிவிட்டிருக்கிறார். ஆக, அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு ரிட்டையர் ஆனவரின் சேமிப்பு கரையப் பார்க்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மும்பை ஒரு தீவு என்பதை லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிற நாம் மறந்துவிடுகிறோம். கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரைக்கும்தான் பழைய பம்பாய்த் தீவு. மாட்டுங்கா அதன் வடக்குப் பகுதியில் இருக்கிறது. தாராவி மாஹிம் கழிமுகத்தை ஒட்டி, தீவு முடிகிற ஓரத்தில். நாங்கள் இருக்கும் செம்பூர் அந்தக் காலத்தில் டிராம்பே என்ற வேறு தீவைச் சேர்ந்தது. சரக்கெல்லாம் கப்பலில்தான் வரும், காரும் அப்படித்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே சிவ்ரியில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கிவிட்டது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளுக்குத் தெற்கே கொஞ்ச தூரம்தான் சிவ்ரி.

1944-ல் வால்சந்த் ஹீராசந்த் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். குர்லாவில் தொழிற்சாலை. முதலில் டாட்ஜ், பிளிமத் என்று பெரிய அமெரிக்க வண்டிகளைப் பூட்டினார்கள். 1950களின் தொடக்கத்தில், 'வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டுவது போதாது, இங்கேயே தயாரிக்கத் திட்டம் வேண்டும்' என்று அரசு சொல்லிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. 1954-லிருந்து குர்லாவில் ஃபியட் 1100 வந்தது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1957-லிருந்து அம்பாசிடர். நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி, பிறகு அவர்களின் ஹெரால்ட். இவ்வளவு பெரிய தேசத்துக்குக் கார் என்றால் அநேகமாக இந்த மூன்று கடைதான்.

கடை மூன்று, வாங்க நிற்பவர்கள் ஏராளம். 1959-ல் மத்திய அரசு கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 1969-ல் விலையையும் அரசே நிர்ணயிக்க, கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1971 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வழக்கின் பெயரிலேயே நம்ம குர்லா கம்பெனிதான் இருக்கிறது: பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் எதிர் இந்திய அரசு.

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். புதுக் காருக்கு விலை கட்டுப்பாடு, ஆனால் கைக்கு வர ஆண்டுக்கணக்கில் கியூ. பழைய காருக்குக் கியூ கிடையாது. பணத்தைக் கொடுத்தால் இன்று சாயங்காலமே வீட்டுக்கு வரும். அப்படியானால் பழைய காரின் விலையில் இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று, வண்டியின் மதிப்பு. இன்னொன்று, காத்திருக்காமல் இருப்பதற்கான கூலி. இரண்டாவது பாகம் பெரிதாகிவிட்டால், ஓடிய ஃபியட் புது ஃபியட்டைவிட அதிக விலைக்குப் போகும். போனது! ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கும் வெளியில் விற்ற மண்ணெண்ணெய்க்கும் இருந்த வித்தியாசம்தான் இது. பெரியவர்களின் "போட்ட காசு வந்துடும்" பிறந்தது இந்தக் கியூவில்தான்.

பெரிய சலூன் கார் வேண்டியவர் பாடு இன்னும் வேடிக்கை. புதிதாக எதுவும் கிடையாது. வெளிநாட்டுத் தூதரகக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போகும் கார்களை அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலத்தில் விற்கும். சினிமாக்காரர்களும் பெரிய வியாபாரிகளும் வைத்திருந்த இம்பாலா, மெர்சிடஸ்களில் பல அப்படி வந்தவை. அதாவது அன்றைக்குப் பணக்காரர்களே செகண்ட் ஹேண்ட் வாங்கித்தான் கௌரவம் காட்டினார்கள்.

1964-ல் ஃபியட் 1100 டிலைட், 1974-ல் அதுவே பிரீமியர் பத்மினி. கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக இந்த ஊரின் முகமாகவே ஆனது. மாட்டுங்காவில் வங்கி, ஏ.ஜி. ஆபீஸ், கம்பெனி கணக்கு வேலை என்று வந்த நம்மவர்களில் ஒருவர் ஃபியட் வாங்கினால் அந்தக் கட்டடமே இறங்கி வந்து பார்க்குமாம், சித்தப்பா சொல்வார். 1920, 30களில் எழுந்த அந்தக் கட்டடங்களில் கார் நிறுத்த இடம் கிடையாது. யாருக்கு அப்போது அந்த நினைப்பு வந்திருக்கும்? தாராவித் தமிழர்களுக்கோ கார் என்பது பெரும்பாலும் வேலை. ஓட்டுவது, கழுவுவது, பழுது பார்ப்பது. எனக்கு வண்டி பார்த்துச் சொல்கிற மெக்கானிக்கும் தாராவியில் பிறந்த நெல்லைக்காரர்தான். அப்பா ஃபியட் கராஜில் இருந்தவராம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்கும் முன்பணம், குலுக்கல், கியூ. ஒதுக்கீடு கிடைத்தவர் கைமாற்றினாலே லாபம். 1985 வாக்கில் பிரீமியர் 118 என்.இ., அதற்கு ஒரு வருஷம் முன்னே கான்டெஸா, நம்ம சென்னையிலிருந்து ஸ்டாண்டர்ட் 2000 என்று பெரிய வண்டிகள் எட்டிப் பார்த்தன. 1990-ல் மாருதி 1000.

பிறகு 1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனது. 1995-ல் சீலோ, 1996-ல் ஓப்பல் அஸ்ட்ரா, 1998-ல் ஹோண்டா சிட்டி, 1999-ல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆக்சென்ட், மறைமலைநகரிலிருந்து ஐகான். பணம் இருந்தால் போதும், இல்லாவிட்டால் எங்களை மாதிரி வங்கிக்காரர்கள் கடன் தரத் தயார். கியூ ஒழிந்தது. கியூ ஒழிந்த அன்றே பழைய காரின் விலையில் இருந்த அந்த இரண்டாவது பாகமும் ஒழிந்தது. மிஞ்சியது வண்டியின் மதிப்பு மட்டும், அதுவும் வருஷா வருஷம் தேய்வது.

எவ்வளவு தேயும்? இன்ஷூரன்ஸ்காரர்களின் அட்டவணையைப் பாருங்கள். காப்பீட்டு மதிப்பில் இரண்டாம் வருஷம் 20 சதவீதம் கழிப்பார்கள், மூன்றாம் வருஷம் 30, நான்காவதில் 40, ஐந்தாவதில் 50. இன்னொரு கணக்கு: கம்பெனி தன் காரை அதிகாரிக்கே விற்றால், 1962 வருமான வரி விதிகளில் ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் மிச்ச மதிப்பில் 20 சதவீதம் கழித்தார்கள். 10 லட்ச ரூபாய் கார் ஐந்து வருஷத்தில் சுமார் 3 லட்சத்து 28 ஆயிரம். பெரிய செடான்கள் பலவும் கம்பெனி வண்டியாக வாழ்க்கையைத் தொடங்குபவை, அப்படித்தான் சந்தைக்கும் வருகின்றன. நிஜச் சந்தையில் அவற்றின் விலை இன்னும் வேகமாகச் சரியும். வாங்க ஆள் குறைவு, பெட்ரோல் குடிக்கும், பாகங்கள் விலை அதிகம். கொரோலாவும் சிவிக்கும் 2020-ல் இங்கே நின்றே போயின.

அப்போ பெரியவர்கள் சொன்னது எங்கேயுமே செல்லாதா? செல்லும், கதவு மூடியிருக்கும் இடங்களில். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் பழைய பிரீமியோ, ஆக்சியோ வைத்திருந்தவர்களுக்கு விலை ஏறிக்கொண்டே போனது. 1960களின் பம்பாய் அப்படியே! சிங்கப்பூரில் 1990-லிருந்து கார் வைத்துக்கொள்ளவே ஏலத்தில் உரிமை எடுக்க வேண்டும், அது பத்து வருஷத்துக்கு. அங்கே பழைய கார் வாங்குகிறவர் வண்டியைவிட அந்த உரிமையில் மிச்சம் எத்தனை வருஷம் என்றுதான் முதலில் கேட்பார். ஆகவே சிங்கப்பூர் அத்திம்பேர், கொழும்பு மாமா சொல்கிற கார் யோசனையை அப்படியே இங்கே இறக்கக் கூடாது. புதுக் கார் வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், பழைய கார் விலை புரிந்துவிடும்.

இந்தத் தீவில் வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம்.

ஒன்று தண்ணீர். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 94.4 சென்டிமீட்டர் மழை. குர்லா, கலினா, சயான் எல்லாம் மூழ்கியது. மூழ்கிய கார்கள் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்தன. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் இன்றைக்கும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறதே. எங்கள் மெக்கானிக் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். கால்மிதியைத் தூக்கி அடியில் முகர்ந்து பார்ப்பார், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை தேடுவார், சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடிப்பார்.

இரண்டு, பெயர். விற்பவர் 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற வேண்டும். ஆர்.சி.யில் வங்கி அடமானம் இருந்தால் 35-ம் படிவமும் வங்கியின் என்.ஓ.சி.யும் வேண்டும். விற்றவர்களும் இதைக் கவனியுங்கள். பெயர் மாறாத வண்டி விபத்து செய்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. 'வித்தாச்சு, நமக்கென்ன' என்று இருக்க முடியாது.

கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29-ல் தாட்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. இருபது வருஷ வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் தெருவை விட்டுப் போனது. குர்லா தொழிற்சாலை அதற்கு வெகு முன்பே மூடியாயிற்று.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். கடைசியில் கேட்டார், "அப்போ அஞ்சு வருஷம் கழிச்சு என் அஞ்சு லட்சம் எவ்வளவா இருக்கும்?" ஏற்கனவே பழசான பெரிய வண்டி, ஒன்றரை லட்சம் வந்தால் பெரிது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்படின்னா அது டெப்பாசிட் இல்லடா, செலவு" என்றார். அதேதான்!

டெப்பாசிட் தென்காசியிலேயே இருக்கட்டும், அதன் வட்டி அவருக்கு மருந்துக்கு ஆகும். கார் என் சம்பளத்திலிருந்து, மூன்று வருஷக் கடனில், திரும்பி வராத பணம் என்று தெரிந்தே வாங்கப் போகிறேன். நீள டிக்கி தேவையில்லை. கதவு அகலமாகத் திறந்து, சீட் உயரமாக இருந்தால் அப்பாவின் முழங்காலுக்கு அதுதான் வசதி. அடுத்த வாரம் மெக்கானிக்கோடு இரண்டு வண்டி பார்க்கப் போகிறோம். சித்தப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.