ஒரு இலட்சம் ரூபாயும் ஒரு கதிரையும்



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரம் எழுதிய பிள்ளை இருக்கும் வீடுகளில் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை என்னிடம் படித்த பிள்ளையொன்று பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புவதற்கு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு. கைநூலைப் புரட்டிக்கொண்டு வந்தவள் நூலகவியலும் தகவல் விஞ்ஞானமும் என்ற இடத்தில் நின்றாள். "இத எழுதவா சேர்?" என்றாள். நான் பதில் சொல்ல முந்தி வாப்பா கேட்டார்: "கெம்பஸ் போயும் புத்தகம் அடுக்கத்தான் படிக்கிறதா சேர்?"

அவரில் பிழையில்லை. கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அது ஒரு கணித ஆசிரியரின் கதை.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892இல் தமிழ்நாட்டின் சீர்காழியில் பிறந்தவர். 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் படிப்பித்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முறையாக ஒரு நூலகர் பதவியை உண்டாக்கியபோது சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். நண்பர்களின் தூண்டுதலில் இவரும் விண்ணப்பித்தார். நூலக வேலை பற்றி அவருக்கு அப்போது தெரிந்ததெல்லாம், நேர்முகத் தேர்வுக்குச் சற்று முன்னர் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் வாசித்த கட்டுரை மட்டும்தான். வேலை அவருக்கே கிடைத்தது.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். வகுப்பறைச் சத்தத்தில் வாழ்ந்த மனிதருக்கு ஆளரவமில்லாத அந்த மண்டபம் தாங்கவில்லை. சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்குப் போய், திரும்பவும் படிப்பிக்க வருகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வாரும், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் வரலாம் என்பதுதான் கிடைத்த பதில்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் படித்தார். பல நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். அங்கே நூலகம் சாதாரண சனங்களின் இடமாக, ஊர் வாழ்க்கையின் ஒரு பகுதியாக இருந்ததைக் கண்டார். 1925இல் திரும்பி வந்தவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை.

லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளையும் அவர் கண்டார். அதே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பொருத்தி எந்த உருவத்தையும் செய்யலாம். அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது.

'1950களில் இலங்கையில் நெற்பயிர் நோய்த் தடுப்பு' என்று ஒரு புத்தகம் இருப்பதாக வையுங்கள். அதை நெல் என்ற தலைப்பில் வைப்பதா, நோய் என்பதிலா, இலங்கை என்பதிலா? பழைய முறையில் ஏற்கெனவே போட்டு வைத்த பெட்டிகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். மற்ற வழியால் தேடி வருபவருக்கு அந்தப் புத்தகம் அகப்படாது. ரங்கநாதன் பயிர், நோய், தடுப்பு, இடம், காலம் என்று விஷயத்தைத் துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்து, இடையில் முக்காற்புள்ளி வைத்துப் பொருத்தினார். 1933இல் வெளிவந்த கோலன் வகைப்பாடு என்பது இதுதான். இன்று ஓன்லைனில் சப்பாத்து வாங்கும்போது அளவு, நிறம், விலை என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து சுருக்கிக்கொண்டு போகிறோமே, அதற்குப் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான். அவர் இதைச் செய்த காலத்தில் கணினியே இல்லை.

1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள் என்ற புத்தகத்தை எழுதினார். அதன் சாரத்தை என் வார்த்தையில் சொன்னால்: புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, தேடி வருபவர் யாராக இருந்தாலும் அவருக்குரியது கிடைக்க வேண்டும், அவருடைய நேரம் வீணாகக் கூடாது. முதலில் ஆளைப் பார், பிறகு அலுமாரியைப் பார் என்பதுதான் அவர் வழி. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் புத்தகங்கள் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போயின. மக்களை மையப்படுத்திய தொழில்நுட்பம் என்று இன்று பெரிய பெயரில் படிப்பிக்கிறார்கள். எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் வேறு. இதையெல்லாம் தனியொருவர் செய்து முடிக்க ஏலாது என்று அவருக்கு விளங்கியிருந்தது. 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். 1931இல் அதைப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. பின்னர் டில்லிப் பல்கலைக்கழகத்திலும் படிப்பித்தார். 1950களில், வாழ்நாள் முழுவதும் சேமித்த ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அன்றைய ஒரு இலட்சம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அதில் அவர் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கச் சொன்னார். பல்கலைக்கழக மொழியில் அதை இருக்கை என்பார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், சொத்து முழுவதையும் ஒரு கதிரைக்குக் கொடுத்த மனிதர்.

நமக்கும் இவருக்கும் என்ன தொடர்பு? யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் புதிதாகக் கட்டத் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்னவர் இவர்தான். 1959இல் திறக்கப்பட்ட அந்த நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. கட்டடத்தைத் திரும்பவும் கட்டினார்கள். எரிந்த ஏடுகளில் வேறு பிரதி இல்லாதவை போனது போனதுதான். அந்த வலியை அறிந்த மண்ணிலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற இணைய நூலகம் உருவானது. ஆயிரக்கணக்கான நூல்களும் பத்திரிகைகளும் இன்று போனிலேயே வாசிக்கக் கிடைக்கின்றன. அந்த வேலையில் படம் பிடிப்பது பாதிதான். எழுதியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எதைப் பற்றியது என்று ஒழுங்காகப் பதிந்தால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும். அந்த மறுபாதிதான் அந்தப் பிள்ளை படிக்க விரும்பும் படிப்பு.

இனி நமது வீடுகளுக்கு வருவோம். எத்தனை வீட்டு அலுமாரிகளில் மூத்தவாப்பா காலத்து அரபுத்தமிழ்க் கிதாபுகள் கறையான் அரித்துக் கிடக்கின்றன! எழுத்து அரபு, மொழி தமிழ். அவற்றை ஸ்கேன் பண்ணி ஏற்றினாலும் தமிழ் எழுத்தில் தேடுபவருக்கு அகப்படாது, அரபு மட்டும் தெரிந்தவருக்கு விளங்காது. இதற்கு வழி செய்ய கணினியும் தெரிய வேண்டும், வகைப்படுத்தவும் தெரிய வேண்டும், அந்தக் கிதாபை மடியில் வைத்து ஓதிய உம்மம்மாவையும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் தெரிந்த ஆள் வெளியிலிருந்து வரப்போவதில்லை. நமது பிள்ளைகளில் ஒருவர்தான் படித்து வர வேண்டும்.

நாம் கொடுக்காதவர்கள் அல்ல. வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்கள் கணினி அறைக்கும் வாசிகசாலைக்கும் அள்ளிக் கொடுப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். திறப்பு விழா நடக்கும், பெயர்ப்பலகை மாட்டுவோம். இரண்டு வருடத்தில் சாவி யாரிடம் என்று தேடுவோம். பொறுப்பாக நடத்தப் படித்த ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

எனவே என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை பத்துக் கணினி வாங்க நினைக்கும்போது, எட்டு வாங்குங்கள். மிச்சக் காசை இந்தத் துறையில் படிக்கும் ஒரு பிள்ளையின் போர்டிங் செலவுக்கும் புத்தகச் செலவுக்கும் மாதாமாதம் கொடுங்கள். மருத்துவம், பொறியியல் படிக்கும் பிள்ளைக்குக் கொடுப்பது போலவே, தயக்கமில்லாமல் கொடுங்கள்.

வாப்பா கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கட மூத்தவாப்பாட கிதாபு ஒண்டு பரண்ல கிடக்கு சேர், என்ன எழுதியிருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். மகள் விண்ணப்பத்தில் அந்தப் பாடநெறியை முதலாவதாக எழுதினாள். அவர் தடுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதும் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.