பாறைகள் காட்டும் வன எல்லை

லெபனான் கொடியில் விளங்கும் கேதுரு மரத்தை அரபு மக்கள் ‘அர்ஸ்’ என்பர். கி.பி. 117 முதல் 138 வரை ஆண்ட ரோமப் பேரரசர் ஹாட்ரியன், அம்மலைகளில் நால்வகை மரங்கள் அரசுக்கே உரியவை எனப் பாறைகளில் பொறிக்கச் செய்தார். வனத்தின்மீது கொண்ட பரிவால் அன்று; கப்பலுக்கும் கட்டடத்திற்கும் மரம் வேண்டியே என்பது நம் எண்ணம். ஏறத்தாழ 200 பொறிப்புகள் கிடைத்துள்ளன. மரம் அழிந்த மொட்டைப் பாறைகளிலும் அவை நிற்பதால், பண்டைக் காட்டின் எல்லையை ஆய்வாளர் உய்த்துணர முடிகிறது.

அவ்வெல்லைக்குள் மீண்டும் நட்டால் போதுமா? போதாது. இவ்விதை முளைக்கக் குளிர் வேண்டும். மழை, வெப்பம் முதலியவற்றைக் கணினியில் பொருத்திப் பார்த்து 2010-இல் வெளிவந்த ஆய்வொன்று, 2100-க்குள் லெபனானில் ஒருசில இடங்களே அம்மரத்திற்கு ஏற்றவையாக எஞ்சும் என்கிறது. ஆகவே கன்றுகளை மேலும் உயரே நட வேண்டியிருக்கிறது. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமோ 3,088 மீட்டரே.