எல்வா அணைகள் அகன்ற வரலாறு

அணை எழுப்பிய வரலாறுகளைப் பெருமிதத்தோடு எழுதியும் படித்தும் பழகிய நமக்கு, எழுப்பிய அணையை ஓர் அரசு திட்டமிட்டு அகற்றிய செய்தி வியப்பளிக்கக் கூடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் மலைகளில் தோன்றி வடக்கு நோக்கிப் பாய்ந்து கடலில் கலப்பது எல்வா ஆறு. அதில் நின்ற இரண்டு அணைகள் 2011-க்கும் 2014-க்கும் இடையில் அகற்றப்பட்டன.

தாமஸ் ஆல்ட்வெல் என்னும் தொழில்முனைவர் மின்னாக்கத்தின் பொருட்டு 1910-இல் எல்வா அணைப் பணியைத் தொடங்கினார். 1912 அக்டோபரில் அதன் அடித்தளம் பிளந்து வெள்ளம் பெருகியது. எனினும் பிளவை அடைத்து 1913-இல் பணியை முடித்தனர். உயரம் 33 மீட்டர். கடலிலிருந்து தொலைவு 8 கிலோமீட்டர். கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே மீளும் சால்மன் மீன்களுக்கு அணைகளில் வழி விட வேண்டும் என்ற சட்டம் அம்மாநிலத்தில் 1890 முதலே இருந்தது. இவ்வணையிலோ வழி இல்லை. அதற்கு ஈடாக அதிகாரிகள் ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகத்தை ஏற்றுக்கொண்டனர். அதுவும் 1922-க்குள் கைவிடப்பட்டது. சட்டத்தின் அறியாமையால் நேர்ந்த இழப்பன்று இது. சட்டம் அறிந்தோர் இசைந்து செய்தது. 1927-இல் மேலே 64 மீட்டர் உயரத்தில் கிளைன்ஸ் கேன்யன் அணையும் எழுந்தது.

ஆற்றங்கரையில் வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் மீனை மட்டும் இழக்கவில்லை. தம் முன்னோரைப் படைப்போன் உருவாக்கிய இடமென அவர்கள் போற்றிய பாறையும் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. அணை உரிமம் குறித்த விசாரணையில் அவர்கள் 1986-இல் தம்மையும் ஒரு தரப்பாகச் சேர்க்குமாறு கோரினர். 1992-இல் எல்வா ஆற்றை மீட்பதற்கான சட்டம் நிறைவேறியது; 2000-ஆம் ஆண்டில் அரசு 2 கோடியே 95 லட்சம் டாலருக்கு இரண்டு அணைகளையும் வாங்கியது. அதன்பின் முதல் இடிப்புக்கு மேலும் பதினோராண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இத்தனை காத்திருப்பு எதற்கு? கற்காரையை உடைப்பது கடினமன்று. அதன் பின்னே தேங்கிய வண்டலே கடினம். ஏறக்குறைய 2 கோடியே 10 லட்சம் கன மீட்டர் வண்டல் அங்கிருந்தது. அதனை அள்ளி அப்புறப்படுத்தாமல் ஆறே அரித்துச் செல்ல விடுவது என முடிவாயிற்று. போர்ட் ஏஞ்சலஸ் நகரின் குடிநீர் அவ்வாற்றைச் சார்ந்திருந்தமையால், முதலில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, கரைகள் உயர்த்தப்பட்டன.

2011 செப்டம்பரில் பணி தொடங்கியது. எல்வா அணையில் ஆற்றை ஒருபுறம் திருப்பி மறுபுறத்தை உலர்த்தி, மாறி மாறி உடைத்தனர். 2012 மார்ச்சில் அது மறைந்தது. கிளைன்ஸ் கேன்யனில் நீரில் மிதந்த தளத்தின்மீது இயந்திரச் சம்மட்டியை நிறுத்தி, அணையின் மேல்விளிம்பிலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்தனர். மீன்கள் ஏறும் பருவங்களில் பணியை நிறுத்தி வைத்தனர். ஆயினும் கணக்கு ஓரிடத்தில் பிழைத்தது: வண்டலும் மரத்துண்டுகளும் நீரெடுப்பு நிலையத்தை அடைத்துக் கொள்ள, மேலணைப் பணி ஓராண்டளவு நின்றது. இறுதி வெடி 2014 ஆகஸ்ட் 26-இல் வைக்கப்பட்டது. முழுத் திட்டத்துக்கும் ஏறத்தாழ 32 கோடியே 50 லட்சம் டாலர் செலவாயிற்று.

கீழணை அகன்ற 2012-ஆம் ஆண்டிலேயே சால்மன்கள் அது நின்ற இடத்தைக் கடந்து மேலேறின. வற்றிய தேக்கத்தின் அடியிலிருந்து கிளாலம் மக்களின் பாறையும் அவ்வாண்டு வெளிப்பட்டது. இருப்பினும் மீன்வளம் தழைக்கட்டும் எனத் தம் வலைகளை அவர்கள் ஒதுக்கி வைத்தனர். 2023 அக்டோபரில்தான் உணவுக்கும் சடங்குக்குமாகக் கோஹோ வகை மீன்களை, அதுவும் வரையறுத்த அளவில், அவர்கள் அவ்வாற்றில் மீண்டும் பிடித்தனர்.