கண்ணி கோத்த மூலக்கூறுகள்: ழான் பியர் சோவாஜின் ஆய்வு வாழ்க்கை

1983ஆம் ஆண்டு 'டெட்ராஹீட்ரன் லெட்டர்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. கிறிஸ்தியான் டீட்ரிச்-புஷெக்கர், ழான் பியர் சோவாஜ், கின்ட்சிங்கர் ஆகிய மூவர் எழுதியது. கட்டுரையின் மொழி பிரெஞ்சு. அதன் தலைப்பைத் தமிழில் 'மூலக்கூறுகளின் ஒரு புதிய குடும்பம்: உலோகக் கேட்டினேன்கள்' எனலாம். 2016இல் சோவாஜுக்கு வேதியியல் நோபல் பரிசில் மூன்றிலொரு பங்கைப் பெற்றுத் தந்த பணியின் தொடக்கம் அதுவே.

கேட்டினேன் என்னும் சொல், சங்கிலியைக் குறிக்கும் 'கேட்டினா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சங்கிலியின் இரு கண்ணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கவில்லை. ஆயினும் ஒன்றை உடைக்காமல் மற்றதைப் பிரிக்க இயலாது. நமது பாடநூல்கள் 'பிணைப்பு' என்று கற்பிப்பது, அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்வதையோ பரிமாறுவதையோதான். கேட்டினேனின் இரு வளையங்களுக்கிடையே அப்படி எதுவும் நிகழ்வதில்லை. அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது வடிவம் மட்டுமே. இதை வேதியியலார் 'இயந்திரப் பிணைப்பு' என்கின்றனர். என்னைக் கேட்டால் 'கோப்பு' என்ற நம் பழைய சொல்லே இதற்கு நெருக்கமானது.

இத்தகைய மூலக்கூற்றை முதலில் ஆக்கியவர் சோவாஜ் அல்லர். 1960இல் பெல் ஆய்வகத்தில் எடெல் வாசர்மன் அதைச் செய்துவிட்டார். ஆனால் அவருடைய முறை தற்செயலை நம்பியது. வளையங்கள் நிறைந்த கரைசலில் ஒரு நீண்ட மூலக்கூறு தன் இரு முனைகளையும் இணைத்து மூடிக்கொள்கையில், ஏதேனுமொரு வளையத்துக்குள் அது முன்பே நுழைந்திருந்தால் கண்ணி விழும். அப்படிக் கிடைத்தது மிகச் சொற்பம். 1964இல் ஜெர்மனியில் ஷில், லுட்ரிங்ஹவுஸ் ஆகிய இருவரும் தற்செயலைத் தவிர்த்து ஒரு வழி கண்டனர். அதுவோ பல படிகள் கொண்ட நெடுவழி. ஆகவே கேட்டினேன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓர் அழகிய விந்தையாகவே எஞ்சியிருந்தது.

சோவாஜ் 1944இல் பாரிசில் பிறந்தார். வேதியியல் பயின்றது ஸ்ட்ராஸ்பூர்க்கில். அங்கே ழான்-மரி லேனிடம் ஆய்வு செய்து 1971இல் முனைவர் பட்டம் பெற்றார். லேனின் குழு அப்போது உலோக அயனியைத் தன் உட்குழிவில் பொதிந்துகொள்ளும் கூண்டு மூலக்கூறுகளை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1969இல் அவற்றை அறிவித்த கட்டுரையில், மாணவராயிருந்த சோவாஜும் ஓர் ஆசிரியர். அப்பணிக்காக லேன் 1987இல் நோபல் பெற்றார். பின்னர் ஆக்ஸ்போர்டில் மால்கம் கிரீனிடம் சிறிது காலம் பணியாற்றிய சோவாஜ், மீண்டும் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கே திரும்பினார். வாழ்நாளின் பெரும்பகுதி பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளராக அந்த ஒரே நகரில் கழிந்தது. ஊர் மாறாதவன் வளரமாட்டான் என்று ஆய்வு மாணவர்களுக்கு அறிவுரை சொல்வோர் கவனிக்க.

அவர் ஊரை மாற்றவில்லை, துறையை மாற்றினார். 1970களில், எண்ணெய் நெருக்கடியை அடுத்த ஆண்டுகளில், சூரிய ஒளியைக் கொண்டு நீரைப் பகுத்து ஹைட்ரஜன் பெறும் முயற்சிகளில் பலர் இறங்கினர். சோவாஜும் லேனும் அவர்களுள் அடங்குவர். ஒளியை உறிஞ்ச அவர்கள் கையாண்ட உலோகம் ருத்தீனியம். அது அரிது, விலையும் மிகுதி. செம்பு மலிவானது. எனவே ஃபினாந்த்ரோலின் என்னும் ஈனியும் செம்பு அயனியும் சேர்ந்த அணைவுச் சேர்மங்களின் ஒளிப்பண்புகளை, அமெரிக்காவின் மெக்மில்லினோடு இணைந்து சோவாஜின் குழு ஆராயத் தொடங்கியது. (ஒரு சிறு விலகல்: 'லிகண்ட்' என்பதன் இலத்தீன் வேர் 'கட்டுதல்'. தமிழ்ப் பாடநூலின் 'ஈனி'யோ 'ஈனுதல்' என்னும் வினையடியிலிருந்து வருவது. எலக்ட்ரான் இணையைத் தருவது என்ற பொருளில். ஒரே பொருளை அம்மொழி கட்டாகவும் நம் மொழி கொடையாகவும் பார்க்கிறது.)

அந்தச் செம்புச் சேர்மத்தில் பிறை வடிவான இரண்டு ஈனிகள் ஒரே அயனியைப் பற்றிக்கொண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் குறுக்கிட்டு நிற்கும். அதன் மாதிரியுருவை நோக்கியபோது சோவாஜுக்குத் தோன்றியது இதுதான்: இரு பிறைகளின் முனைகளையும் மூடிவிட்டால் இரண்டு கண்ணிகள்! ஒளிக்காக ஆக்கிய மூலக்கூற்றில் சங்கிலி முன்பே பாதி கோக்கப்பட்டு நின்றது.

செய்முறையின் தருக்கம் எளியது. முதலில் ஒரு முழு வளையம். அதனுள் ஒரு பிறையைச் செம்பு அயனி இழுத்து நிறுத்துகிறது. பிறையின் இரு முனைகளையும் வேறொரு மூலக்கூற்றால் இணைத்தால் அதுவும் வளையமாகிறது. பின்பு சயனைடு சேர்த்துச் செம்பை அகற்றிவிடலாம். கோப்பு அப்படியே நிற்கும். சாரம் கட்டி வளைவை எழுப்பிய பின் சாரத்தைப் பிரிக்கும் கொத்தனாரின் முறை இது. விளைச்சல் 42 சதவீதம். விந்தைப்பொருள் ஒரே நாளில் ஆய்வுப்பொருளாயிற்று.

பெயரிடலும் கவனிக்கத்தக்கது. லேனின் மரபில் வெறுங்கூண்டு 'கிரிப்டண்ட்'. அயனி அமர்ந்த கூண்டு 'கிரிப்டேட்'. அதே விகுதிகளை எடுத்துச் செம்பற்றதைக் 'கேட்டினண்ட்' என்றும், செம்புள்ளதைக் 'கேட்டினேட்' என்றும் ஸ்ட்ராஸ்பூர்க் குழு அழைத்தது. குருபரம்பரை சொல்லின் ஈற்றிலேயே பதிந்துவிட்டது. முதற்கட்டுரை பிரெஞ்சில் வந்தது. 1984இல் அமெரிக்க வேதியியல் கழக இதழில் வந்த அடுத்த கட்டுரை ஆங்கிலத்தில். அந்த ஓராண்டு இடைவெளியில் அறிவியல் மொழிகளின் அதிகார வரலாறு முழுவதையும் படிக்கலாம் என்று சொல்ல ஆசைதான், அது மிகைக்கூற்றாகிவிடும்.

1989இல், இரு செம்பு அயனிகளைச் சுற்றிப் பின்னிய இழைகளின் முனைகளை இணைத்து, மூவிதழ் முடிச்சு வடிவிலான மூலக்கூற்றை அவர்கள் ஆக்கினர். விளைச்சல் 3 சதவீதம்தான். 1994இல் வளையம் இயங்கத் தொடங்கியது. ஒற்றை மின்சுமை கொண்ட செம்பு அயனி நான்கு பிடிகளை நாடும். ஓர் எலக்ட்ரானை இழந்தால் ஐந்தை நாடும். வளையமொன்றில் இருவகைப் பிடிகளையும் அமைத்து, மின்வேதி முறையில் எலக்ட்ரானை எடுத்தால் வளையம் சுழன்று திரும்பும். திரும்பக் கொடுத்தால் பழைய இடத்துக்கு வரும். 2000இல், ஒன்றையொன்று ஊடுருவிய இரு மூலக்கூறுகள் தசைநார்போலச் சுருங்கி விரியும் அமைப்பு வந்தது: செம்பை எடுத்துத் துத்தநாகத்தை வைத்தால் சுமார் 8.3 நானோமீட்டர் நீளம் 6.5 ஆகக் குறைந்தது. இதற்கிடையே 1991இல் பிரித்தானியாவில் ஸ்டாடர்ட் அச்சில் வளையத்தை ஓடவிட்டார். 1999இல் நெதர்லாந்தில் ஃபெரிங்கா ஒரே திசையில் சுழலும் மூலக்கூறு மோட்டாரை அமைத்தார். 2016ஆம் ஆண்டுப் பரிசு இம்மூவருக்கும் உரியதாயிற்று. சோவாஜ் அப்போது ஓய்வுநிலைப் பேராசிரியர்.

நமது ஆய்வு முன்மொழிவுப் படிவங்களில் 'எதிர்பார்க்கப்படும் முடிவுகள்' என்றொரு கட்டம் உண்டு. 1980இல் சோவாஜ் அதை நிரப்பியிருந்தால், சூரிய ஒளி, செம்பு, ஹைட்ரஜன் என்றே எழுதியிருப்பார். சங்கிலி அதில் இடம்பெற்றிருக்காது. ஆனால் படிவத்தைக் குறைகூறுவதோடு நிறுத்தினால் வரலாறு பாதிதான். பிறையை வளையமாக்கும் அந்த எண்ணத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1983, 1984, 1989 ஆகிய ஆண்டுகளின் மூன்று கட்டுரைகளிலும் முதற்பெயர் கிறிஸ்தியான் டீட்ரிச்-புஷெக்கருடையது. 1994, 2000 ஆகிய ஆண்டுகளின் கட்டுரைகளிலும் அவர் பெயர் உண்டு. நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர்ந்தளிக்க விதி இடந்தராது. பரிசுச் செய்திகளை மட்டும் படித்தோர் அறியாத அப்பெயரை, மூலக்கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் மாணவர் முதல் வரியிலேயே காண்பர்.