ஊருக்கு ஒரு தீக்காவல்



கொக்கிளாய்க் கடனீரேரிக் கரையில் கிடுகு வேய்ந்த வாடிகளிடையே வாழ்ந்தோர்க்குத் தீயின் வேகத்தைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சோளகம் வீசும் நாளில் அடுப்புப் பொறி ஒன்று கூரையிற் பட்டால், கிணற்றடிக்கு ஓடி வாளியுடன் திரும்புவதற்குள் அடுத்த வாடியும் பற்றிக்கொள்ளும். ஆகவே, தீயணைப்பின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதுவது எனக்கு உடன்பாடன்று. அது தூரத்தின் வரலாறுமாகும்.

உரோமாபுரியை ஆண்ட அகஸ்தஸ் மன்னன் இதனை நன்குணர்ந்தவன். கி.பி. 6ஆம் ஆண்டில் அவன் அமைத்த காவற்படை 7 பிரிவுகளைக் கொண்டது. நகரமோ 14 வட்டாரங்களை உடையது. பிரிவொன்றுக்கு இரு வட்டாரங்கள். அப்படையினருட் பெரும்பாலோர் அடிமைத்தளையினின்று விடுதலை பெற்றவர். வாளியும் கோடரியும் கைப்பம்பும் தாங்கி இரவு முழுவதும் தெருக்களிற் சுற்றிவந்தனர், கள்வரையும் பிடித்தனர், அடுப்பைக் கவனியாது விட்ட வீட்டுக்காரரைக் கண்டித்தனர். தீ மூண்டபின் வருவோராக அல்லாமல், மூளுமுன்னரே அயலில் விழித்திருப்போராக அவர்கள் விளங்கினர்.

இலண்டன் மாநகரம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றது. 1666ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 13,200 வீடுகளை விழுங்கிற்று. அதன்பின் காப்புறுதிக் கம்பனிகள் தத்தமக்கெனத் தீயணைப்போரை வைத்துக்கொண்டன. 1833இல் அவற்றுட் பல ஒன்றுசேர்ந்து, எடின்பரோவில் அனுபவம் பெற்ற ஜேம்ஸ் பிரெயிட்வுட் என்பவரைத் தலைவராகக் கொண்டு ஒரே படையை நிறுவின. ஆயினும் செலவு கம்பனிகளுடையதே. 1861 யூன் மாதத்தில் தூலித் தெருப் பண்டகசாலைகள் எரிந்தபோது, சுவரொன்று சரிந்து பிரெயிட்வுட் உயிரிழந்தார். இழப்பைத் தாங்கவியலாத கம்பனிகள் அரசாங்கத்தை நாடின. 1865இல் சட்டம் பிறந்தது. இலாபம் கருதித் தொடங்கியதொரு பணி, பொதுமக்களின் உரிமையாக மாற ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன.

நமது வன்னிக்கு வருவோம். 2009ஆம் ஆண்டுக்குப் பின் மீளக் குடியேறியோர் அரும்பாடுபட்டுத் தேடிய தேட்டமெல்லாம் கிளிநொச்சிப் பொதுச்சந்தைக் கடைகளில் இருந்தது. 2016 செப்டெம்பர் மாதத்து இரவொன்றில் அச்சந்தை தீப்பற்றியது. அந்நாளில் கிளிநொச்சியில் தீயணைப்பு நிலையம் இல்லை. வண்டியோ ஏறத்தாழ 65 கிலோமீற்றருக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அத்துணைத் தூரத்தை எவ்வளவு திறமையான சாரதியாலும் தீயினும் விரைவாகக் கடத்தல் இயலாது. கண்முன்னே கடைகள் சாம்பராயின. கரைச்சிப் பிரதேச சபையின் கீழ் தீயணைப்புப் பிரிவு அமைந்தது அதன் பின்னரே.

நிலையம் அமைவது நகருக்கு. வாளி அமைய வேண்டியது ஒவ்வொரு முற்றத்திலும். எமது பாடசாலைச் சமையற்கூடத்தருகே மணல் நிரப்பிய வாளிகள் சில தொங்குகின்றன. மாணவர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. உரோமாபுரிக் காவற்படையைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளில் மட்டும், பின்வாங்கிலிருக்கும் இரண்டொரு தலைகள் சாளரத்தின் வழியே அந்தப் பக்கம் திரும்பும்.