பண்டித ரமாபாய்: சிலுவையில் சமஸ்கிருதமும் விவிலியத்தில் எளிய மராத்தியும்

கிறித்தவ விசுவாசத்தால் துன்பங்களைத் தாங்கிக் கடந்தவர்களின் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் எழுதப்படுபவை: இடர் வந்தது, பக்தர் பொறுத்தார், ஆறுதல் பெற்றார். பண்டித ரமாபாயின் (1858–1922) வாழ்க்கையையும் அந்த வார்ப்புக்குள் அடக்க முயன்றவர்கள் உண்டு. ஆனால் அவர் எதையும் கேள்வி கேட்காமல் பொறுத்துக்கொண்டவர் அல்லர். வாதிட்டுக்கொண்டே விசுவாசித்தவர். அவ்வாதங்களுள் முக்கியமான சில மொழியைப் பற்றியவை என்பதால், மொழியியல் பயின்ற எனக்கு அவர்மீது தனி ஈர்ப்பு உண்டு.

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, தம் மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காக வைதிகர்களின் எதிர்ப்பைச் சந்தித்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா காட்டில் குடியேறி வாழ்ந்தபோது ரமாபாய் பிறந்தார். தாயிடமே சமஸ்கிருதம் கற்றார். பின்னர் அக்குடும்பம் தலந்தலமாகச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்தது. 1870-களின் பஞ்சத்தில் அந்தப் பிழைப்பும் அற்றுப்போயிற்று. திருப்பதிக் காட்டில் பதினொரு நாள்கள் நீரும் இலைகளும் ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமும் உண்டு உயிர் தாங்கியதை ரமாபாயே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நீரில் மூழ்கி உயிர் துறக்கத் தந்தை முடிவு செய்ததையும், கூலி வேலைக்குப் போகிறேன் என்று அண்ணன் சீனிவாசன் சொன்னதால் அம்முடிவு கைவிடப்பட்டதையும் அதில் காணலாம். சாஸ்திரம் கற்ற பிராமண இளைஞன் கூலிக்குப் போவது அவர்களுக்குச் சாவுக்கு அடுத்த படி. தந்தை 1874-இல் இறந்தார். சில மாதங்களில் தாயும் மூத்த சகோதரியும் இறந்தனர்.

தாயின் இறுதி நாள்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி ஒன்றை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. தாய் ஒரு துண்டு கம்பு ரொட்டி கேட்கிறார். அறிமுகமான ஒரு பிராமணப் பெண்ணின் வீட்டு வாசலில் மகள் போய் நிற்கிறாள். நாவிலிருந்து ஒரு சொல்லும் எழவில்லை. அழுகை மட்டும் வருகிறது. அப்பெண்ணே புரிந்துகொண்டு ரொட்டி தருகிறாள். அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது தாய் உண்ணும் நிலையில் இல்லை. பாகவதத்தை மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடிய பெண்ணுக்கு, பசியைச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்காமற்போன தருணம் அது.

அண்ணனும் தங்கையுமாக நாலாயிரம் மைலுக்கு மேல் நடந்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் ஆற்றங்கரையில் குழி தோண்டிக் கழுத்தளவு மணலைப் போர்த்துக்கொண்டு உறங்கியிருக்கிறார்கள். 1878-இல் கல்கத்தாவை அடைந்தபோது அங்குள்ள அறிஞர்கள் ரமாபாயைச் சோதித்து வியந்து, ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் சாதி கடந்து, பதிவுத் திருமணமாக, வங்காள வழக்கறிஞர் விபின் பிஹாரியை மணந்தார். 1882 பிப்ரவரியில் கணவரைக் காலரா கொண்டுபோயிற்று. கையில் மனோரமா என்னும் பெண் குழந்தை. ரமாபாய்க்கு இன்னும் இருபத்து நான்கு வயது நிறைந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் அவர் கிறித்தவரானார். துயரத்தில் தேடிய ஆறுதல் அது என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். அவர் சொன்ன காரணம் வேறு. 1883-இல் இங்கிலாந்து சென்றவர், வான்டேஜ் நகரின் ஆங்கிலிக்கக் கன்னியர் மடத்தில் தங்கினார். சமூகம் ஒதுக்கிய பெண்களுக்கு அக்கன்னியர்கள் நடத்திய இல்லத்தைப் பார்த்தார். அப்படிப்பட்ட பெண்களைத் தாம் கற்ற தர்மசாஸ்திரங்கள் எவ்விதம் நடத்தின என்பதோடு ஒப்பிட்டார். யோவான் நற்செய்தியின் சமாரியப் பெண் கதை அவருக்கு அங்கேதான் பொருள்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று மகளோடு திருமுழுக்குப் பெற்றார். மருத்துவம் படிக்கும் எண்ணம் செவிப்புலன் குறைந்துவந்ததால் கைகூடவில்லை.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர் அடங்கிப்போவார் என எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். திரித்துவம் பற்றியும் திருச்சபையின் அதிகாரம் பற்றியும் அவர் எழுதிய கடிதங்கள் ஜெரால்டின் அம்மையாரைப் பெரிதும் வருத்தின. ஆண் மாணவர்களுக்கு அவர் கற்பிப்பது இந்தியாவில் அவர் மதிப்பைக் கெடுக்கும் என்று பேராயர்கள் தடுத்தபோது, அதையும் எதிர்த்தார். இந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் சிலுவைப் பேச்சு வருகிறது. அணியும் சிலுவையில் இலத்தீன் எழுத்துகள் எதற்கு, என் நாட்டின் சமஸ்கிருதத்தில் ஏன் பொறிக்கக் கூடாது என்பது அவர் கேள்வி. அது தேவபாஷை என்பதற்காகத் தாம் கேட்கவில்லை, தம் நாட்டின் பழமையும் அழகும் உடைய மொழி என்பதற்காகவே கேட்கிறோம் என்று விளக்கவும் செய்கிறார். இயேசுவை ஏற்பதற்கு ஐரோப்பாவை ஏற்க வேண்டியதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக நான் அறியேன்.

அமெரிக்கப் பயணமும், அங்கு 1887-இல் வெளிவந்த ஆங்கில நூலும், அதனால் திரண்ட நிதியும் பலர் அறிந்தவை. 1889-இல் பம்பாயில் விதவைகளுக்கான சாரதா சதனத்தைத் தொடங்கினார். அது பின்பு புனேவுக்கு மாறியது. மாணவிகள் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, 1893-இல் ரானடே, பண்டார்கர் போன்ற ஆலோசகர்களே விலகினர். பெற்றோர் பலர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். ஆலோசகர்களின் அச்சத்தில் நியாயம் ஏதுமில்லை என்று சொல்ல மாட்டேன். தம் வழிபாட்டை ரமாபாய் கதவடைத்துச் செய்யவில்லை என்பது உண்மை. அதே சமயம், அந்த மாணவிகளுக்கு வேறு எங்கே இடமிருந்தது என்ற கேள்விக்கு எதிர்ப்பாளர்களிடம் விடையில்லை.

1896–97-இல் மத்திய மாகாணப் பஞ்சம். பசி எப்படி இருக்கும் என்று அறிந்தவர் ஆகையால் ரமாபாய் நேரில் போனார். ஏறத்தாழ முந்நூறு பெண்களை அழைத்துவந்து, புனேவுக்கு அருகே கேட்காவில் வாங்கியிருந்த நிலத்தில் குடியேற்றினார். அதுவே முக்தி. அதே காலத்தில் பிளேக் நோய்த் தடுப்பு என்ற பெயரில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து ‘பாம்பே கார்டியன்’ இதழுக்கு எழுதினார். அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. 1900-இன் குஜராத் பஞ்சத்துக்குப் பின் முக்தியில் இருந்தோர் தொகை இரண்டாயிரத்தை நெருங்கியது.

இந்தப் பெண்களுக்கு எழுத்தறிவு கற்பிக்கையில்தான் புழக்கத்திலிருந்த மராத்தி விவிலியம் அவருக்குச் சிக்கலாயிற்று. அதன் நடை சமஸ்கிருதம் மிகுந்தது. கிராமத்துப் பெண்ணுக்கு எட்டாதது. அத்துடன், அச்சமஸ்கிருதச் சொற்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்து தத்துவத்தின் நீண்ட மரபு நிற்கிறது என்பது பண்டிதையான அவருக்கு மற்றவரைவிட நன்றாகத் தெரியும். தமிழ் வாசகர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். பப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். பின்வந்த மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995-இன் திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. ஒவ்வொரு சொல்லும் யாரோ சிலரை உள்ளே அழைத்து, யாரோ சிலரை வாசலில் நிறுத்துகிறது.

ரமாபாய் தம் நடுவயதில் எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். எபிரேய இலக்கணத்தை மராத்தியில் எழுதினார். பிறகு முழு விவிலியத்தையும் மூலமொழிகளிலிருந்து எளிய மராத்தியில் பெயர்க்கத் தொடங்கினார். முழு விவிலியத்தையும் ஒரு பெண் தனியே பெயர்ப்பது மிக அரிது. அமெரிக்காவின் ஜூலியா ஸ்மித் 1876-இல் வெளியிட்டது அதற்கு முந்தைய ஒரு சான்று. சிலுவையில் சமஸ்கிருதம் வேண்டும் என்றவர், விவிலியத்திலிருந்து சமஸ்கிருதத்தைக் களைந்தார். இதனை முரண்பாடு என்று கொள்ள வேண்டியதில்லை. முதலாவது, ஐரோப்பியரிடம் தம் நாட்டுக்காகப் பேசியது. இரண்டாவது, தம் நாட்டுப் பண்டிதரிடமும் பாதிரியாரிடமும் பசித்த பெண்ணுக்காகப் பேசியது. இரண்டிலும் பேசியவர், ரொட்டி கேட்கச் சொல் கிடைக்காமல் வாசலில் நின்ற அந்தப் பெண்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொழிநடை நோக்கில் அம்மொழிபெயர்ப்பு முழு வெற்றியா என்பது விவாதத்துக்குரியது. மூலத்தை நெருங்கிப் போவதும் எளிமையாக இருப்பதும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. பெரிய திருச்சபைகள் அதைத் தம் பொது வாசிப்புக்கு ஏற்கவில்லை. அவரும் எந்த ஒரு சபைக்கும் முழுமையாக உரியவராகத் தம்மைக் கருதியதில்லை. தமக்குக் கிறித்தவ மதம் முதலிலும், கிறிஸ்து பல ஆண்டுகள் கழித்தும் கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

1921 ஜூலையில் மனோரமா இறந்தார். முக்தியின் பொறுப்பை ஏற்கவிருந்த ஒரே மகள். தாய்க்கு வயது 63. காது கேட்பதும் வெகுவாகக் குறைந்திருந்தது. அவர் மெய்ப்புத் தாள்களிடம் திரும்பிப் போனார். அச்சகம் முக்தியிலேயே இருந்தது. எழுத்துக் கோத்தவர்களும் தாள் மடித்தவர்களும் அங்கு வாழ்ந்த பெண்களே. இறுதிப் பக்கங்களைத் திருத்தி முடிக்கும்வரை உயிர் கேட்டு மன்றாடினார் என்றும், முடித்த பின்னரே கண்ணயர்ந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் சொல்வர். 1922 ஏப்ரல் 5 அன்று இறந்தார். முழு நூலும் கட்டமைக்கப்பட்டு வெளிவந்தது 1924-இல்.